உண்டவர் எப்போது வழக்காளியானார்?

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், கேடு விளைக்கும் உணவை விற்றவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் விதித்தது. உண்டு நோயுற்றவர் அதன் பார்வையில் ஏறக்குறைய சாட்சி மட்டுமே. 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டமும் தண்டனையையே முதன்மையாகக் கொண்டது. நெடிய உரிமையியல் வழக்கின்றி இழப்பீடு கோரும் வழியை 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் திறந்தது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமோ புழு பற்றிய உணவைப் பாதுகாப்பற்றது என வரையறுத்ததோடு, 65ஆம் பிரிவில் தொகையையும் குறித்தது: உயிரிழப்புக்கு 5 லட்சத்துக்குக் குறையாமல், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, பிற பாதிப்புக்கு 1 லட்சம் வரை.

ஆனால் திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் ஒருவர் இன்று வெளியில் உண்டால், அமீபா வயிற்றுக்கடுப்பு தலைகாட்ட 2 முதல் 4 வாரம் ஆகலாம். அதற்குள் அந்த உணவு ஏது? நுகர்வோர் ஆணையத்தை நாட 2 ஆண்டு அவகாசம் உண்டு. எனினும் ஆய்வகத்துக்கு அனுப்ப மாதிரி இராது. மலப் பரிசோதனை அறிக்கையும், ரசீது இருந்தால் அதுவும், உடன் உண்டு நோயுற்றோரின் வாக்குமூலமுமே எஞ்சும்.