கார்பன் வரியும் கசிவும்: சுவீடனின் சலுகையிலிருந்து ஐரோப்பிய எல்லை வரி வரை

ஒரு நாடு மட்டும் தன் ஆலைகளின் கரியமில வாயுவுக்கு வரி போட்டால், உற்பத்தி வரியில்லாத நாட்டுக்குப் போய்விடக்கூடும். புகை குறையாது, இடம்தான் மாறும். பொருளியலாளர் இதைக் கார்பன் கசிவு என்பர். கார்பன் வரி எப்படி வடிவம் பெற்றது என்பதைப் பெருமளவு இந்த அச்சமே தீர்மானித்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1990இல் பின்லாந்து உலகின் முதல் கார்பன் வரியை விதித்தது. அடுத்த ஆண்டு நார்வேயும் சுவீடனும் தொடர்ந்தன. வருமான வரியைக் குறைத்த பெரிய சீர்திருத்தத்தோடு சேர்த்து, டன்னுக்கு 250 குரோனா என்று சுவீடன் தொடங்கியது. இரண்டே ஆண்டில் அச்சம் வென்றது. 1993இல் பொது விகிதம் 320 குரோனாவாக ஏறியபோது, தொழிற்சாலைகள் அதில் கால்பங்கு கட்டினால் போதும் என்றானது. 1997இல் அது அரைப்பங்கு. ஐரோப்பிய உமிழ்வு வணிகத்துக்கு (உமிழும் உரிமங்களை ஆலைகள் வாங்கி விற்கும் ஏற்பாடு) வெளியே உள்ள ஆலைகள் முழு விகிதத்துக்கு வர 2018 ஆயிற்று. வீட்டை வெதுப்பும் எண்ணெய்க்கு முழு வரி, ஆலைக் கொதிகலனுக்குத் தள்ளுபடி: கசிவைத் தடுத்தது என்றே வைத்துக்கொண்டாலும், வரி அதிகம் உறைக்க வேண்டிய இடத்திலேயே மழுங்கிப்போனது.

நார்வேப் பொருளியலாளர் மிக்கேல் ஹோல் 1996இல் இதைக் கோட்பாடாக ஆராய்ந்தார். இறக்குமதிக்கு வரியும் ஏற்றுமதிக்கு மானியமும் தர முடிந்தால், உள்நாட்டில் எல்லாத் துறைக்கும் ஒரே கார்பன் வரிதான் சரி. அது முடியாதபோதே வேறுபட்ட விகிதங்களுக்கு நியாயம் உண்டு என்றார். எந்தத் துறைக்கு எவ்வளவு சலுகை என்று கணக்கிட அரசுக்கு வேண்டிய தகவல் அந்தத் துறையிடமே இருக்கிறது என்பது இதில் உள்ள நடைமுறைச் சிக்கல். கேட்பவரே அளவுகோலையும் கொண்டுவருகிறார்.

வேறொரு வழியும் சுவீடனிலேயே இருந்தது. 1992இல் பெரிய கொதிகலன்களின் நைட்ரஜன் ஆக்சைடுக்குக் கிலோவுக்கு 40 குரோனா கட்டணம் வந்தது. வசூலான பணம், நிர்வாகச் செலவு போக, ஆலைகளுக்கே திரும்பியது. உமிழ்ந்த அளவுப்படி அல்ல, உற்பத்தி செய்த ஆற்றலின் அளவுப்படி. ஒரே அளவு ஆற்றல் தரும் இரண்டு ஆலைகளில் ஒன்று 100 கிலோவும் மற்றொன்று 300 கிலோவும் உமிழ்ந்தால், கட்டுவது 4,000, 12,000 குரோனா. திரும்பப் பெறுவது தலைக்கு 8,000. சுத்தமான ஆலைக்கு 4,000 லாபம், மற்றதற்கு அதே அளவு நட்டம். ஒவ்வொரு கிலோவுக்கும் விலை முழுசாக நிற்கிறது, உற்பத்தி தண்டிக்கப்படுவதில்லை. கசிவுக்காக வகுத்ததல்ல இது. கசிவைப் பற்றி எழுதியோர் பின்னர் இதைத்தான் முன்மாதிரியாகக் காட்டினர்.

ஐரோப்பிய உமிழ்வு வணிகம் 2013 முதல் இந்தத் தர்க்கத்துக்கு நெருங்கி வந்தது. துறையின் சிறந்த 10 சதவீத ஆலைகளின் சராசரியை அளவாக வைத்து, கசிவு அபாயமுள்ள துறைகளுக்கு இலவச உரிமங்கள் தந்தது. குறை வேறு பக்கம் தலைகாட்டியது. உற்பத்தியோடு சேர்ந்து வரும் இலவச உரிமம் மானியம்போல் ஆகிவிடுவதால், சிமென்ட் விலையில் கார்பன் செலவு முழுசாக ஏறாது. கட்டடம் கட்டுபவர் சிமென்டைக் குறைக்கக் காரணமில்லாமல் போகிறது.

எல்லையில் வரி போடலாமே என்ற யோசனையைப் பின்லாந்து முன்பே மின்சாரத்தில் சோதித்திருந்தது. உள்நாட்டு மின்சாரத்துக்கு உற்பத்தி முறைக்கேற்ற விகிதம், இறக்குமதிக்கு ஒரே விகிதம். சுவீடனிலிருந்து மின்சாரம் வாங்கிய ஔட்டோகும்பு நிறுவனம் வழக்காட, 1998இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்றது. தன் மின்சாரம் எப்படி உற்பத்தியானது என்று காட்டி உள்நாட்டு விகிதத்தைக் கேட்க இறக்குமதியாளருக்கு வழியே இல்லை என்பது முக்கியக் காரணம்.

2023இல் சட்டமான ஐரோப்பிய எல்லைக் கார்பன் நடைமுறை அந்த வழியைத் திறந்து வைக்கிறது: உண்மையான உமிழ்வைச் சரிபார்த்துக் காட்டலாம், பிறந்த நாட்டில் கட்டிய கார்பன் விலையைக் கழித்துக்கொள்ளலாம். சிமென்ட், இரும்பு-எஃகு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் இதில் அடக்கம். இத்துறைகளின் இலவச உரிமங்கள் 2026இல் 2.5 சதவீதம் குறைந்து, 2034இல் முற்றாக நிற்கும். ஆனால் 2023இன் சட்டம் இறக்குமதியை மட்டுமே பார்க்கிறது. ஹோல் சொன்ன இரண்டாம் பாதியான ஏற்றுமதி மானியம் அதில் இல்லை. உலக வர்த்தக விதிகளோடு மோதும் என்ற தயக்கம் அதற்குப் பெரிய காரணம். ஐரோப்பாவுக்கு வெளியே எஃகு விற்கும் ஐரோப்பிய ஆலைக்குக் கசிவின் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது.