எந்த மாசத்துக் கரை?

முப்பத்திரண்டு வருஷம் கோடு போட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். டிராஃப்ட்ஸ்மேன் உத்தியோகம். ரோடு, வாய்க்கால், பாலம் என்று எதை வரையும்போதும் கை தயங்கியதில்லை. கடலோரத்தை வரையும்போது மட்டும் பேனா ஒரு நொடி நிற்கும். அதற்குக் காரணம் நைனா.

வேலையில் சேர்ந்த புதிதில், கலங்கரை விளக்கத்திலிருந்து அடையாறு முகத்துவாரம் வரைக்குமான ஒரு பழைய ஷீட்டின் நகலைப் பெருமைக்காக வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் குப்பமும் அதில் இருந்தது, பெயரில்லாத சின்னச் சின்னக் கட்டங்களாக. நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் படத்தில் வடக்கு எது, கடல் எது என்று யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டார். கரைக்கோட்டின்மேல் விரலை வைத்தார்.

“இது இன்னாடா?”

“தண்ணி ஓரம், நைனா.”

“எந்த மாசத்துது?”

நான் முழித்தேன். அவரே சொன்னார்: “ஐப்பசி, கார்த்திகைல அலை வந்து நம்ம வலை காய்ற எடத்தைக் கடிச்சிகினு பூடும். பங்குனி, சித்திரைல கொண்டாந்து திருப்பிக் கொட்டும். நீ எந்த மாசத்துல போய் அளந்தே?”

ஷீட்டின் மூலையில் வருஷம் இருந்தது. மாசம் இல்லை.

மெரினாவை ஆதிகாலத்திலிருந்து இருக்கும் மணல் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. சேப்பாக்கம் அரண்மனை 1768இல் எழும்பியபோதும், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க 1842இல் ஐஸ் ஹவுஸ் கட்டியபோதும் கடல் இன்றைய சாலைக்கு வெகு பக்கத்தில் இருந்தது. இன்று ஐஸ் ஹவுஸ் வாசலில் நின்று பார்த்தால், பனிக்கட்டியை உருகாமல் எப்படி அவ்வளவு தூரம் தூக்கி வந்தார்கள் என்று வியப்பாக இருக்கும். அன்றைக்கு அவ்வளவு தூரமே இல்லை.

அந்தக் காலத்து மதராசுக்குத் துறைமுகமும் இல்லை. கப்பல் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வர வேண்டுமானால் மசூலாப் படகில்தான் வர வேண்டும். ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகை எங்கள் அலை ஒரே அடியில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். படகை வலித்தவர்கள் கரையோரத்து ஆட்கள். கப்பலுக்கும் கோட்டைக்கும் நடுவே கடுதாசி கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். கவர்னரே ஆனாலும் எங்கள் ஆட்கள் மனசு வைக்காமல் மதராசில் கால் வைக்க முடியாது. படகுக்காரர்கள் நடுக்கடலில் கூடுதல் காசு கேட்டுத் தகராறு செய்வதாக வெள்ளைக்காரப் பயணிகள் சலித்து எழுதியிருக்கிறார்கள். கேட்டிருப்பார்கள். அந்த அலையில் படகு வலித்துப் பார்த்தவன் கேட்கத்தான் செய்வான்.

1875இல் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் இரண்டு கல் கைகளை நீட்டினார்கள். 1881 நவம்பர்ப் புயல் அதில் பாதியை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். எங்கள் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடக்கும். வருஷத்தில் பெரும்பங்கு தெற்கிலிருந்து வடக்கே போகும், வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பும். கல் கை குறுக்கே வந்ததும் வடக்கே போன மணல் தடுக்கிவிழுந்து தெற்குப் பக்கமே குவிந்தது. அதுதான் மெரினா. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் வர வேண்டிய மணல் வராமல் கடல் ஊரைத் தின்றது. இன்றைக்கும் அங்கே கல் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆக, துறைமுகம் படகு வலித்த பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு மணலைக் கொடுத்தது. படகு போனவர்களுக்கு வலை இருந்தது. வலை விரிக்க இடம் வளர்ந்துகொண்டே வந்தது. யாரும் பட்டா கேட்கவில்லை. வருஷத்துக்கு வருஷம் நகர்கிற மணலுக்கு எப்படிப் பட்டா கேட்பது?

மணலைப் பார்த்து ஊரும் வந்தது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884 வாக்கில் நடைபாதை போட்டு, சிசிலித் தீவில் தான் பார்த்த கடற்கரை ஞாபகத்தில் ‘மெரினா’ என்று பெயரும் வைத்தார். காற்று வாங்க ஓர் இடம். காற்று வாங்குகிறவர்களுக்கும் வலை காயப்போடுகிறவர்களுக்கும் அப்போது பெரிய சண்டை வந்ததாகத் தெரியவில்லை. மணல் அகலம், ஆள் குறைவு.

‘சும்மா கிடக்கும் மணல்’ என்ற பேச்சை வாழ்க்கை முழுக்கக் கேட்டவன் என்பதால், அந்த மணலில் எங்களுக்கு என்ன வேலை இருந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கட்டுமரம் என்பது பெயருக்கேற்றபடி கட்டிய மரம். நாள் போகப்போகத் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் கிடத்திக் காயவைத்தால்தான் மறுபடி மிதக்கும். என் தாத்தா காலத்து வலை பருத்தி நூல். காயாமல் வைத்தால் மக்கிவிடும். நைலான் வந்தபின் அந்தத் தொல்லை போயிற்று. ஆனாலும் கிழிசல் பார்க்க வலையை முழு நீளத்துக்கும் விரித்தாக வேண்டும். கரைவலைக்கு இன்னும் அதிகம் வேண்டும். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டு, படகில் அரைவட்டம் அடித்து, மறு கயிற்றைத் தூரத்தில் கரை சேர்ப்பார்கள். இரண்டு முனையிலும் ஆட்கள் இழுத்துக்கொண்டே ஒருவரையொருவர் நெருங்கி வருவார்கள். நடுவில் ஒரு தடுப்புக்கல் இருந்தாலும் தொழில் நடக்காது. விற்காத காரப்பொடியும் நெத்திலியும் அதே மணலில் கருவாடாகும். ஏலமும் அங்கேதான். பஞ்சாயத்து, கல்யாணப் பேச்சு, நான் நடை பழகியது எல்லாம் அங்கேதான்.

எந்த மணலில் யார் வலை விரிப்பது என்பதற்குக் கணக்கு உண்டு. அது எழுத்தில் இல்லை. தப்பினால் பஞ்சாயத்தில் அபராதம்.

இதே கரைதான் ஊருக்கே கூட்டம் போடும் திடல். அயோத்திக்குப்பத்தில் மீனவக் குடும்பத்தில் 1860இல் பிறந்த சிங்காரவேலர், இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் இந்தக் கடற்கரையில்தான் கொண்டாடினார். பாறையைத் தள்ளும் நான்கு பேரின் உழைப்பாளர் சிலையும் இங்கேதான் நிற்கிறது. மாசி மகத்துக்குச் சாமிகள் கடலாட வரும். காணும் பொங்கலுக்கு ஊர்ப்பட்ட ஜனம் கரும்போடு வந்து இறங்கும். அன்றைக்கு நைனா வலையைச் சுருட்டிப் படகில் வைத்துவிடுவார். யாரும் சொல்லி இல்லை. அலையில் இழுத்துக்கொண்டு போகிற பிள்ளைகளைத் தூக்கி வருவதும் எங்கள் பையன்கள்தான்.

1985இல் நிலைமை மாறியது. நகரை அழகாக்க வேண்டும், மெரினாவில் கட்டுமரமும் வலையும் இருக்கக் கூடாது என்று அரசு முடிவெடுத்தது. எம்.ஜி.ஆர். முதலமைச்சர். படத்தில் படகோட்டியாக வந்தவர் என்று எங்கள் குப்பத்துப் பெண்கள் அவரைக் கும்பிட்ட காலம் அது. மரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தினார்கள். குப்பங்கள் எதிர்த்து நின்றன. டிசம்பரில் போலீஸ் சுட்டது. ஐந்து பேர் செத்துப்போனார்கள்.

மறுநாள் நான் ஆபீஸ் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று இன்றும் தோன்றும். பக்கத்து மேசைக்காரர் கெட்டவர் இல்லை, என்னிடம் கடன் வாங்கினால் தேதி தவறாமல் கொடுப்பவர். பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார்: “பாவம்தான். இருந்தாலும் பீச் எல்லாருக்கும் பொதுதானே சார்?” நான் டீ குடிக்கப் போய்விட்டேன். அந்த ‘எல்லாரில்’ என்னை அவர் சேர்த்தாரா என்று கேட்டிருக்கலாம். சேர்த்துத்தான் சொல்லியிருப்பார், பேன்ட் போட்டவன் நான். நைனாவைச் சேர்த்தாரா என்பதுதான் தெரியவில்லை.

குப்பங்கள் போகவில்லை. ஆனால் அதன்பிறகு நகரம் எங்கள் கரையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், எந்தக் கட்சி ஆண்டாலும், வீடுகளில் குழம்பு கொதிப்பது நின்றுவிடும். 2000களின் பிற்பகுதியில் கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கரையோரமாகவே ஓர் உயர்மட்டச் சாலை என்று திட்டம் வந்தது. எதிர்த்தார்கள், அது நடக்கவில்லை.

நடுவில் சட்டமும் வந்தது. 1991 பிப்ரவரி 19ஆம் தேதி கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு. கடல் ஏறிவரும் எல்லையான உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. நல்ல சட்டம்தான், அது இல்லாவிட்டால் கரையில் இன்னும் எத்தனை ஹோட்டல் எழும்பியிருக்குமோ. ஆனால் எல்லாம் ஒரு கோட்டிலிருந்து அளக்கிற சட்டம். ஓதக் கோடு என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் நைனாவின் விரல்தான் ஞாபகம் வரும்.

2011 அறிவிப்பில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. கடலோர வரைபடங்களில் மீனவ ஊர்களையும், மீன் காயவைக்கும் இடம் போன்ற அவர்களுடைய பொது இடங்களையும் குறிக்க வேண்டும் என்றது அது. காட்டில் இருப்பவர்களுக்கு 2006இல் உரிமைச் சட்டமே வந்தது. கரையில் இருப்பவர்களுக்கு வரைபடத்தில் ஒரு குறி. அதையாவது விடக் கூடாது என்று ஊர் ஊராகப் பையன்கள் ஜிபிஎஸ் கருவியோடு மணலில் நடந்தார்கள். அக்கா மகன் என்னிடம் வந்தான். “மாமா, நீங்க வரைஞ்சி குடுங்க.”

ரிடையராகி அடுக்கி வைத்திருந்த ஸ்கேல்களை எடுத்தேன். வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு கரையில் நடந்தோம். ஒருவர் வலை காயும் இடம் என்று ஓரிடத்தைக் காட்டினால், இன்னொருவர் நாற்பது அடி தள்ளிக் காட்டுவார். பையனுக்குக் கோபம். “யாராவது ஒருத்தர் கரெக்டா சொல்லுங்க பெரீப்பா!” இருவரும் சரியாகத்தான் சொன்னார்கள். ஒருவர் சித்திரையைச் சொன்னார், இன்னொருவர் கார்த்திகையை. கடைசியில் ஒரு கோட்டுக்குப் பதில் மூன்று புள்ளிக்கோடு போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மாசப் பெயர் எழுதினேன். என் சர்வீஸில் இப்படி ஒரு ஷீட்டைக் கொடுத்திருந்தால் மேலதிகாரி மூஞ்சியில் எறிந்திருப்பார். நைனா அப்போது இல்லை.

எங்கள் லூப் ரோடு சங்கதி இந்தக் கதையின் கடைசிச் சுற்று. நொச்சிக்குப்பம், டுமீல்குப்பம் என்று வரிசையாகக் குப்பங்களைத் தொட்டுப் போகிற ரோடு. சாந்தோம் நெடுஞ்சாலை நெரிய நெரிய, கார்கள் எங்கள் பக்கம் திரும்பின. படகு வரும் இடத்துக்கு எதிரே ரோட்டோரத்தில் பெண்கள் பலகை போட்டு மீன் விற்பார்கள். என் அம்மா காலத்தில் அன்னக்கூடையைத் தலையில் வைத்து மயிலாப்பூர்த் தெருக்களில் கூவிக்கொண்டு போனார்கள். இப்போது மயிலாப்பூரே காரில் வந்து வஞ்சிரம் வாங்குகிறது. கார் நின்றால் ரோடு நெரியும். 2023 ஏப்ரலில் இந்த நெரிசலை உயர் நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. படகுகளும் வலைகளும் ரோட்டுக்கு வந்து மறியல் ஆயிற்று. எங்கள் சொந்தக்கார அம்மாள் ஒருத்தி டிவிக்காரரிடம் கேட்டாள்: “நாங்க ரோட்டுக்கு வந்தமா, ரோடு எங்களாண்ட வந்துச்சா?” அது ஒளிபரப்பாகவில்லை.

2024 ஆகஸ்டில் அதே ரோட்டில் நவீன மீன் அங்காடியைத் திறந்தார்கள். சுமார் 15 கோடி ரூபாய்ச் செலவு, 366 கடைகள். தண்ணீர் வசதி, வெட்டித் தர இடம், வண்டி நிறுத்தம் எல்லாம் இருக்கிறது. குறை சொல்ல மனம் வரவில்லை. வெயிலில் குந்திக் குந்தி முதுகு போனவர்கள் எங்கள் பெண்கள். படகிலிருந்து இறங்கிய மீனை அங்கேயே விற்ற பழக்கம் போனதை அவர்களும் முணுமுணுக்கிறார்கள், கடைக்கும் போகிறார்கள்.

போன பங்குனியில் ஒரு காலை, முகத்துவாரம் பக்கம் கரைவலை இழுத்தார்கள். இப்போது அது அபூர்வம். ஆள் குறைவு. நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பையன் காதிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, “நானும் இழுக்கலாமா அங்கிள்?” என்றான். கயிற்றின் வாலைக் கொடுத்தோம். அரை மணி நேரம் இழுத்தான், உள்ளங்கை சிவந்துவிட்டது. வலையின் மடியில் பிளாஸ்டிக் பாதி, காரப்பொடி பாதி, நாலைந்து காணாங்கத்தை. கயிறு தொட்டவனுக்குப் பங்கு உண்டு. ஒரு கை காரப்பொடியை அள்ளி அவனிடம் கொடுத்தார்கள். பையில்லை. தொப்பியைக் கழற்றி அதில் வாங்கிக்கொண்டான்.

“இத எப்படி ஆன்ட்டி கிளீன் பண்றது?”

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “தலையைக் கிள்ளிப் போடு, மணல் போக நாலு தண்ணி அலசு. புளி கொஞ்சம் தூக்கலா வை, தம்பி.”

அவன் தொப்பியைக் கையில் ஏந்திக்கொண்டு, விரித்திருந்த வலையை மிதிக்காமல் சுற்றிப் போனான்.