ஆரூர்க்காரரும் ஆங்கிலேய மெட்டும்

கர்நாடக சங்கீதம் கற்கத் தொடங்கும் குழந்தைகளுக்குச் சொல்லித்தரப்படும் நோட்டுஸ்வரங்களை நாம் பெரும்பாலும் பாலபாடமாகவே எண்ணிக் கடந்துவிடுகிறோம். கச்சேரியில் இடம்பெற்றாலும் கடைசியில் ஒரு துக்கடாவாகவே அவை ஒலிக்கும். ஆனால் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பு ஆங்கிலேய, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மக்களின் ஆட்ட மெட்டுகள் காவிரிக்கரைக் கலைஞர் ஒருவரைச் சந்தித்த வரலாறு அவற்றுள் பதிவாகியிருக்கிறது.

திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீட்சிதர் இளமையில் தந்தை ராமஸ்வாமி தீட்சிதருடன் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்தார். அக்குடும்பத்தை ஆதரித்த சின்னையா முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷி. அவர் சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று பேண்டு வாத்தியம் கேட்கச் செய்தார் என்பது வழிவழிச் செய்தி. தம்பி பாலுஸ்வாமி வயலினைக் கற்றார். அண்ணன் மெட்டுகளைச் செவியில் ஏந்தி வந்தார். சி. பி. பிரவுன் தொகுப்பித்த சுவடி ஒன்றில் இவ்வுருப்படிகளுள் 20 இடம்பெற்றுள்ளன. இன்று நமக்குக் கிடைப்பவை சுமார் 40.

இவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்தது என்பது பலரும் அறிந்ததே. நமக்கு அதனினும் சுவையானவை மற்றவை. 'வந்தே மீனாக்ஷி' பாடல் 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்னும் அயர்லாந்து ஆட்ட மெட்டு. 'கமலாஸன வந்தித' பாடலோ 'காலோபீட்' என்னும் ஆங்கில நாட்டார் நடன மெட்டு. ஆணும் பெண்ணும் எதிரெதிர் வரிசையில் நின்று ஆடும் ஆட்டத்துக்குரிய இசை, தேவியின் துதியாயிற்று.

தீட்சிதர் இதைச் செய்த விதம் கவனிக்கத்தக்கது. மெட்டைச் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் வைத்தார். கமகத்தால் அதை வளைக்கவில்லை. குதித்து நடக்கும் தாளத்துக்கு ஏற்ப வடமொழிச் சொற்களின் குறிலையும் நெடிலையும் பொருத்தினார். 'குருகுஹ' முத்திரையையும் பல பாடல்களில் இட்டார். அதே கைதான் கமகம் செறிந்த, யானை நடையிட்டுச் செல்லும் கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகளையும் இயற்றியது. எதை எங்கே வைக்க வேண்டும் என்னும் தெளிவு அவருக்கு இருந்தது.

தஞ்சையும் இதற்குப் பின்தங்கியதில்லை. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி அரண்மனையில் மேற்கத்திய வாத்தியக் குழுவை வைத்திருந்தார். தீட்சிதரின் மாணவர்களான தஞ்சை நால்வருள் வடிவேலு வயலினில் தேர்ந்து, 1834இல் சுவாதித் திருநாளிடமிருந்து தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார்.

இங்கிலாந்தில் இத்தகைய மெட்டுகளை இன்று பெரிதும் வாசிப்பவை துருத்தியை இழுத்தும் அமுக்கியும் இசைக்கும் பெட்டிகள். சார்லஸ் வீட்ஸ்டன் கான்சர்டினாவுக்கும், வியன்னாவில் டெமியான் அக்கார்டியனுக்கும் காப்புரிமை பெற்றது 1829இல். இவற்றோடு, சிறு கோல்களால் தந்திகளைத் தட்டும் டல்சிமரும் உண்டு. அது நம் காஷ்மீரச் சந்தூரின் உறவு. ஆவுடையார்கோயிலில் புகழ்பெற்றிருந்த கெத்து வாத்தியமும் கோலால் தந்தியைத் தட்டி வாசிப்பதே. 1899 டிசம்பரில் வில்லியம் கிம்பர் கான்சர்டினா வாசிக்கக் கேட்ட பின்னரே சிசில் ஷார்ப் ஆங்கில நாட்டார் இசையைத் தேடித் தொகுக்கும் தம் பெரும்பணியில் இறங்கினார். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஆரூர்க்காரர் ஒருவர் அவ்விசையின் ஒரு பிடியைத் தம் மொழியில் காத்து வைத்துவிட்டார்.

மெட்டைத் தொடர்ந்து பெட்டியும் வந்தது. 1875இல் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் உருவாக்கிய கை ஆர்மோனியம் தமிழ் நாடக மேடையையும் பஜனை மடங்களையும் ஆட்கொண்டது. ஆனால் 1940இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்தது. 1971இல்தான் தடை தளர்ந்தது. ஆர்மோனியத்தை எதிர்த்து எழுதியவர்களுள் ஜான் ஃபோல்ட்ஸ் என்னும் ஆங்கில இசையமைப்பாளரும் ஒருவர் என்பது விந்தை.

ஆர்மோனியத்தின் ஸ்வரங்கள் நிலையாக நிற்பவை. கமகம் அதில் வழுக்கிச் செல்லாது. இந்த வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் 'அந்நியக் கருவி' என்னும் வாதம் இதனோடு கலந்து வந்ததை ஏற்பதற்கில்லை. வயலினும் அந்நியக் கருவியே. அது நிலைத்தது, நம் கமகத்துக்கு இடம்கொடுத்ததால். ஸ்வரம் அசையாது நிற்கும் அதே குணம் காரணமாகத் துருத்திப் பெட்டிக்கும் டெல்டா ஒரு வேலை கொடுத்தது: நாகஸ்வரக் குழுவில் ஒத்து ஊதுபவரின் இடத்தில் சுருதிப் பெட்டி அமர்ந்தது. எங்கிருந்து வந்தது என்பதைவிட எதற்குப் பயன்படும் என்பதே இங்கே உரைகல்லாக இருந்திருக்கிறது.

சங்கீதத்தின் தூய்மை பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் இந்த 40 சிறு உருப்படிகளும் சாட்சி சொல்லத் தக்கவை. சின்சினாட்டியில் வாழும் கண்ணிகேஸ்வரன் இவற்றை ஆராய்ந்து குழந்தைகளைக் கொண்டு பாடுவித்து ஒலிப்பதிவு செய்தார். அன்பர்கள் 'கமலாஸன வந்தித' பாடலைக் கேட்டுவிட்டு, கான்சர்டினாவில் வாசிக்கப்பட்ட 'காலோபீட்' மெட்டையும் உடனே கேட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கும் இடையில் தீட்சிதர் மாற்றியது எவ்வளவு, மாற்றாமல் விட்டது எவ்வளவு என்பது செவிக்கே விளங்கும்.