என்ன வருத்தம்?

இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான் ஆஸ்பத்திரிக்கு வருகிறவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வி "என்ன வருத்தம்?" என்பதுதான். காய்ச்சல், வயிற்றுக்குத்து, மூட்டு உளைவு, பிரஷர் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். நோயாளி வருத்தக்காரர். நீரிழிவு சீனி வருத்தம். அம்மை கண்டால் அதன் பெயரைச் சொல்லத் தயங்கி, அம்மாள் வருத்தம் என்பார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்குகிறவர்களும் கோயில் மணிக்குச் சிலுவை போடுகிறவர்களும் அதை அப்படியேதான் சொல்கிறார்கள். இதே கேள்வியை மதுரையில் கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்லையே, நான் நல்லாத்தான இருக்கேன்" என்று பதில் வரும். அங்கே வருத்தம் மனத்தில் இருப்பது; அமைச்சர்கள் அறிக்கையில் தெரிவிப்பது. வன்னியில் மனத்தில் இருப்பதைச் சொல்லக் கவலை இருக்கிறது. இன்னும் அழுத்த வேண்டுமென்றால் முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து மனவருத்தம் என்பார்கள். வெறும் வருத்தம் என்றால் அது உடம்பில்தான்.

இரண்டு வழக்கில் எது மூத்தது என்று கேட்டால், இரண்டுமே இல்லை. சொல்லின் பழைய இருப்பிடம் உழைப்பு. திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் உடல் பாடுபடுவதை வருத்தம் என்கிறார். தெய்வம் கைவிட்டாலும் அதற்குக் கூலி உண்டு என்பது அவர் துணிபு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் இளிவரல் என்னும் இழிவுணர்வு பிறக்கும் நான்கு இடங்கள் எண்ணப்படுகின்றன: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. இங்கே பிணியும் வருத்தமும் அடுத்தடுத்து நிற்கின்றன, ஒன்றாகவில்லை. பிணி வேறு, பாடுபட்டு ஓய்ந்த உடலின் நிலை வேறு. பிறகு எப்போதோ ஈழத்தில் அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த வேலி விழுந்தது.

வன்னியில் அந்த வேலி விழுந்ததில் வியப்பில்லை என்பது என் எண்ணம். காடு வெட்டி, குளம் கட்டி, வயல் காத்துப் பிழைத்த இடம் இது. குளம்தான் நெல்லைத் தந்தது. தேங்கிய தண்ணீரின் நுளம்புதான் மலேரியாவையும் தந்தது. இலங்கையில் மலேரியா ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2016இல்தான். உழைப்பும் நோயும் ஒரே வயலில் விளைந்த ஊரில் இரண்டுக்கும் ஒரு சொல் போதுமானதாக இருந்திருக்கும்.

இந்தச் சொல்லைத்தான் கிறிஸ்தவ வேதம் இங்கே வந்து சந்தித்தது. மத்தேயு 11:28இல் இயேசு கூப்பிடுகிறவர்களைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு வருத்தப்பட்டுப் பாரஞ் சுமக்கிறவர்கள் என்று சொல்கிறது. சபைச் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் மிகுதியாகக் காணப்படும் வசனங்களில் இது ஒன்று. கிரேக்க மூலத்தில் உள்ள வினை 'கொப்பியாவோ'. உடல் ஓயும்வரை பாடுபடுதல் என்பது அதன் பொருள். ஆகவே மொழிபெயர்த்தவர்கள் வருத்தம் என்று எழுதியது வள்ளுவர் கண்ட பொருளில், சரியான சொல். பின்னாளில் தமிழ்நாட்டு வாசகர் அதில் துயரத்தைக் கேட்டார். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் சோர்ந்திருப்பவர்கள் என்று மாற்றியது. பிழையில்லாத மாற்றம்தான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு இழப்புத் தெரிகிறது. பழைய வாசகத்தைக் கேட்ட வன்னிக் கிழவிக்கு அது நேரே வருத்தக்காரரை அழைக்கும் குரல். நாள் முழுதும் குனிந்து நாற்று நட்ட முதுகும் அதில் அழைக்கப்படுகிறது, இரவில் அந்த முதுகைப் படுக்கவிடாத உளைவும் அழைக்கப்படுகிறது.

வேதத்துக்குள்ளேயே இந்த இழுபறி உண்டு. ஏசாயா 53:4இல் துன்புறும் ஊழியர் எதைச் சுமக்கிறார்? எபிரேயத்தில் முதலில் வரும் 'ஹொலீ' நோயைக் குறிக்கும் சொல். பழைய தமிழில் அது பாடுகள் ஆயிற்று. அடுத்தது துக்கங்கள் ஆயிற்று. அதே வாக்கியத்தை மத்தேயு 8:17 எடுத்தாளும்போது, பேதுருவின் மாமியாருடைய காய்ச்சல் நீங்கிய கதையை அடுத்து, தமிழில் பெலவீனங்கள், நோய்கள் என்று வருகிறது. ஒரே வாக்கியம் ஓரிடத்தில் மனத்துக்கும் மற்றோரிடத்தில் உடலுக்கும் போய்விட்டது. ஒட்டுசுட்டானில் யாராவது மொழிபெயர்த்திருந்தால் இரண்டு இடத்திலும் வருத்தங்கள் என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

இந்தச் சொல்லின் பொருள் எங்கே வாழ்ந்தது என்று பார்க்க மடுவுக்குப் போகவேண்டும். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் போய், கண்டி வீதியைத் தாண்டி மேற்கே காட்டுக்குள் இருக்கிறது மருதமடு. மருத மரமும் நீர்மடுவும் சேர்ந்த பெயர். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு அந்தக் காட்டுக்குள் ஓடின என்பது வழிவழி வரும் வரலாறு. ஆடியிலும் ஆவணியிலும் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மடு மண்ணை முடிந்து வருவார்கள். பாம்புக்கடிக்கு அது மருந்து, அந்த எல்லைக்குள் பாம்பு தீண்டி எவரும் சாவதில்லை என்பது நம்பிக்கை. சைவர்களும் போவார்கள், சிங்களவரும் வருவார்கள். நேர்த்தி வைத்தவருக்கு அங்கே வேறு கேள்வி இல்லை.

ஆனால் மடு முதலில் ஓடி ஒளிந்தவர்களின் இடம். நோய் தீர்க்கும் புகழ் அந்த அடைக்கலத்தின் மேல் வந்து படிந்தது. 1990க்குப் பிறகு போருக்குத் தப்பி ஆயிரக்கணக்கான வன்னி மக்கள் அந்த வளவில் கொட்டில் போட்டு வருடக்கணக்கில் இருந்தார்கள். 1999 நவம்பர் 20ஆம் திகதி எறிகணை அங்கேயும் விழுந்து ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். 2008 ஏப்ரலில் சுருவமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போயிற்று. மாதாவும் இடம்பெயர்ந்தவள் என்று சனம் சொன்னது அப்போதுதான். இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் "எனக்கு வருத்தம்" என்றால் அது எந்த உறுப்பில் என்று பிரித்துக் கேட்பது எளிதல்ல. நெஞ்சு எரியுது, தலை இடிக்குது, கை கால் விறைக்குது என்று வருகிறவர்களின் உடற் குறிகளுக்குப் பின்னால் போரின் காயம் இருப்பதை மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். பேச்சுமொழி அதை முன்பே ஒரே சொல்லில் வைத்திருந்தது.

திருச்சபையும் தன் சொல்லை ஒருமுறை திருத்திக்கொண்டது. முன்பு அவஸ்தைப் பூசுதல் என்று ஒரு தேவதிரவிய அனுமானம் இருந்தது. சாகக் கிடக்கிறவருக்கு எண்ணெய் பூசுவது. சுவாமியார் எண்ணெயோடு படலையைத் திறந்தால் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் அது நோயில் பூசுதல் ஆனது. சாவுக்குக் காத்திராமல் கடும் நோயிலேயே கொடுக்கலாம், மீண்டும் கொடுக்கலாம் என்று ஆயிற்று. மிக நல்ல திருத்தம்.

இப்போது சுகமளிக்கும் கூட்டங்களும் நடக்கின்றன. அவற்றில் ஆறுதல் அடைந்தவர்கள் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கமாட்டேன். சுகம் வராதவரிடம் உன் விசுவாசம் போதாது என்று சொல்லும் பழக்கத்தை மட்டும் என்னால் ஏற்க முடியாது. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, யோவான் 9இல், இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். வருத்தப்படுகிறவர்களை அழைக்கும் வசனமும் சுகத்தைச் சொல்லவில்லை, இளைப்பாறுதலைச் சொல்கிறது. பழைய மொழிபெயர்ப்பும் புதியதும் ஒத்துப்போகும் சொல் அது. இளைப்பு ஆறுதல். புண்ணும் ஆறும், மனமும் ஆறும். அந்த வினை உடலையும் உள்ளத்தையும் பிரிப்பதில்லை.

வன்னியில் இன்னொரு தொடர் உண்டு: வருத்தம் பார்க்கப் போதல். தோடம்பழமும் விசுக்கோத்தும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கட்டிலருகே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவது. மத்தேயு 25:36இல் நோயுற்றிருந்தவரை வந்து கண்டவர்கள் பாராட்டப்படுகிறார்கள். பழைய தமிழ் அங்கே விசாரித்தல் என்கிறது, புதியது கவனித்தல் என்கிறது. கிரேக்க வினையின் வேர் பார்த்தல். நோயைத் தீர்த்தார்களா என்று அந்த அதிகாரத்தில் யாரும் கேட்கவில்லை. வந்து பார்த்தார்களா என்பதுதான் அங்கே கணக்கு.