கருப்பொருள் விடுதிகள், கார்னெல் பல்கலைக்கழகம்

ஒத்த ஆர்வமோ பண்பாட்டுப் பிணைப்போ உள்ள மாணவர்கள் விரும்பிச் சேர்ந்து வாழும் விடுதிகள். நியூயார்க் மாநிலத்து இத்தாக்கா நகரிலுள்ள கார்னெலில் இம்மரபு வலுவானது. இவற்றைத் தேர்ந்தெடுக்கும் மாணவர், அறையின் வசதியைக் காட்டிலும் அங்கு நடக்கும் கூட்டுவாழ்வு தமக்கு ஒத்துவருமா என்று பார்ப்பதே முறை.

1913இல் திறக்கப்பட்ட ரிஸ்லி, 1970 முதல் கலையார்வலர்களின் இல்லம். நாடக அரங்கு கட்டடத்துக்குள்ளேயே இருப்பதால், ஒத்திகை முடிந்ததும் சில படிகளில் அறைக்குத் திரும்பிவிடலாம். உணவுக்கூடம் ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக் கூடத்தை முன்மாதிரியாகக் கொண்டது.

கறுப்பினப் பண்பாட்டை மையமாகக் கொண்ட உஜமா 1972இல் தொடங்கியது.

இவற்றுள் தனிச்சிறப்புடையது 1991இல் திறந்த அக்வேகோன். அமெரிக்கப் பழங்குடி மரபைப் போற்றவென்றே எழுப்பப்பட்ட இவ்வீட்டின் வெளிச்சுவர்களில், சிப்பிமணிகள் கோத்த வாம்பம் பட்டைகளின் வடிவங்கள் இடம்பெற்றுள்ளன. பிற இன மாணவர்களும் இங்கே தங்கலாம்.