எலும்புகளுக்கு ஒரு வீடு

நேயர்களே, செக் நாட்டிலே குட்னா ஹோரா என்னும் பழைய நகரத்தின் ஓரத்தில், செட்லெட்ஸ் என்ற இடத்தில், ஒரு சிற்றாலயம் உண்டு. 1278ஆம் ஆண்டில் அங்கிருந்த மடத்தின் தலைவர், யேசுநாதர் சிலுவையிலே மாண்ட கொல்கொதாவின் மண்ணைக் கொண்டுவந்து தம் இடுகாட்டில் தூவினாராம். அம்மண்ணில் அடக்கமாவதைப் பலரும் பெரும்பேறாகக் கருதினர். 14ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோயில் இடுகாடு நிரம்பி வழிந்தது. இடம் போதாமையால் பழைய எலும்புகளைத் தோண்டியெடுத்து ஆலயத்தின் கீழறையில் அடுக்கினர். ஏறத்தாழ 40,000 பேரின் எலும்புகள் அங்கே உள்ளன என்பர். 1870இல் ரிண்ட் என்னும் மரச்சிற்பி அவற்றைக் கொண்டு தொங்குவிளக்கும் குலச்சின்னமும் அமைத்தார். இறந்தோரின் எலும்பை அணிகலனாக்கியதை என் மனம் ஒப்பவில்லை. எனினும் அவற்றை ஒருங்கே வைத்துக் காத்த எண்ணம் போற்றத்தக்கதே.

இவ்வெண்ணம் நமக்குப் புதியதன்று. புறநானூற்றுப் புலவர் தாழியைப் பாடினர். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் என்னும் செருமானியரும், அவருக்குப்பின் அலெக்சாந்தர் ரீயும் அத்தாழிகளைக் கண்ணாரக் கண்டனர். நம் நாட்டிலும், புத்தளத்திற்கு வடக்கே வில்பத்துக் காட்டை அடுத்த பொம்பரிப்பில் இத்தகைய தாழிகள் கிடைத்தன. உடலை முதலில் வேறிடத்தில் விட்டுவைத்து, தசை நீங்கியபின் எலும்புகளைப் பொறுக்கித் தாழியில் இட்டிருக்கின்றனர். ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகளும் உண்டு. உறவினர் இரண்டாம் முறையும் வந்து, தேடிக் கூட்டி, உரிய இடத்தில் சேர்த்திருக்க வேண்டும். அப்பொறுமையை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகின்றது.

தம்புள்ளையை அடுத்த இப்பன்கட்டுவையில் வேறொரு முறை. நாற்புறமும் கற்பலகை நிறுத்தி, மேலே ஒரு பலகையால் மூடிய சிறு அறைகள். உள்ளே எரியூட்டியோரின் சாம்பல் நிறைந்த கலங்கள். அருகே இரும்பும் செம்பும் மணிகளும். கிறித்துவுக்கு முன் ஏறத்தாழ 700 முதல் 400 வரையிலான காலத்தவை இவை. தம்புள்ளைக் குகைக் கோயிலைக் காணச் செல்வோர் பலர் இவ்விடத்தை அறியாமலே திரும்பிவிடுகின்றனர். ஊவா மாகாணத்து ஆசிரியர்கள் தம் மாணவரை அங்கும் அழைத்துச் செல்லுதல் நன்று.

இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே கால்நடையாகத் தெற்கு நோக்கி நடந்தனர். அவர்கள் மாத்தளைக்கு வந்து சேர்ந்த பாதை இத்தம்புள்ளையின் வழியாகவே சென்றது. அங்கிருந்து மலையேறிக் கண்டிக்கும், பின்னர் நம் பதுளைக்கும் பசறைக்கும் லுணுகலைக்கும் வந்தோர் எத்தனையோ பேர். பேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரை வீழ்த்தின. உடன் வந்தோர் நிற்க நேரமின்றி, கங்காணியின் குரலுக்கு அஞ்சி முன்னே சென்றிருப்பர். பின்னொரு நாள் வந்து எலும்பைக் கூட்டி எடுக்க எவருளர்? ஈராயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன் இறந்தவனுக்குக் கல்லறை இருக்க, நம் பாட்டன் பாட்டிக்கு அவ்வழியில் ஒரு கூழாங்கல்லும் நடப்படவில்லை. தோட்டத்துக்கு வந்து சேர்ந்து இறந்தவரும் மலைச்சரிவிலே புதைக்கப்பட்டனர். தலைமாட்டில் நட்ட செடியே பலருக்கு அடையாளம்.

மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, 2023ஆம் ஆண்டு யூலை 28இல் தலைமன்னாரிலே தொடங்கி ஆகத்து 12இல் மாத்தளையிலே முடிந்த நடைபயணத்தை நேயர்கள் அறிவீர்கள். பதினாறு நாள் வெயிலில் முதியோரும் இளையோரும் அப்பழைய வழியைத் தொடர்ந்தே நடந்தனர். எலும்பு கிடைக்காத இடத்தில், அவர்கள் கிடந்த மண்ணையேனும் மிதித்துச் சென்றனர்.