உராய்ந்த கை யாருடையது?

வெடிவிபத்து நடந்த மறுநாள் பேப்பரில் 'மருந்து உராய்வு' என்று காரணம் போட்டிருக்கும். உராய்ந்தது யார் கை? செத்துப்போனவளின் கை.

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த வரலாறு சிவகாசியில் எல்லோருக்கும் தெரியும். வானம் பார்த்த கரிசலில் கூலிவேலை அற்றுப்போய் நம் சேரிச் சனங்கள் மருந்து அறைக்குள் நுழைந்த வரலாற்றை எங்கே தேடுவது?

ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாதென்பது விதி. பீஸ் ரேட்டுக்கு விதி தெரியுமா? 'சீக்கிரம் முடி' என்பதுதான் அதற்குத் தெரியும். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் வெடித்த ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது.

உடல்நல ஆய்வுக்கு வருகிற தோழர்கள் 'பாதுகாப்பு விழிப்புணர்வு உண்டா' என்று கேட்கிறார்கள். கூலியைக் கேளுங்க, குத்தகையைக் கேளுங்க, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு கேளுங்க. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் வெந்தவர்களில் பலரை மதுரைக்குத்தான் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். சுமார் 70 கிலோமீட்டர்.